பாடினால் என்ன குறைந்துவிடும்?

மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவில் ஒவ்வோராண்டும் டிசம்பர் 20 அன்று ஊருக்கு ஊர் மேடை போடுகிறார்கள். விடிய விடிய மலோயா என்ற தங்கள் பாட்டைப் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள். 1848-ல் அதே நாளில்தான் அந்தத் தீவின் 60,000-க்கும் மேற்பட்ட அடிமைகள் சட்டப்படி விடுதலை ஆனார்கள். மொரீஷியஸில் இந்த விடுதலை நாள் பிப்ரவரி 1. அமெரிக்காவில் ஜூன் 19. டிரினிடாடிலும் ஜமைக்காவிலும் ஆகஸ்ட் 1. எந்த ஊராக இருந்தாலும் அன்றைக்கு நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். மேளம் ஒலிக்கிறது, ஊர்வலம் போகிறது, யாராவது ஒருவர் எழுந்து கவிதை வாசிக்கிறார்.

இதைப் பார்த்து முகம் சுளிக்கிற ஒரு கருத்து படித்தவர்களிடம் வேரூன்றிக் கிடக்கிறது. அட்லாண்டிக் கடலில் மட்டும் ஒன்றேகால் கோடி ஆப்பிரிக்கர்களைக் கப்பலேற்றிய கொடுமையை ஆடிப்பாடியா நினைவுகூர்வது என்று கேட்கிறார்கள். ஆவணக் காப்பகம், பாடநூல், அருங்காட்சியகம், இழப்பீட்டு வழக்கு ஆகியவைதான் பொறுப்பான வழி என்கிறார்கள். பாட்டும் கவிதையும் மேற்பூச்சாம், சுற்றுலாக்காரர்களுக்கான காட்சியாம். வரலாற்றுத் துறைக்காரர்கள், நாளிதழ்ப் பத்தியாளர்கள், சில முற்போக்கு நண்பர்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லி இது இப்போது பொதுப்புத்தியாகவே ஆகிவிட்டது. இந்தக் கருத்து தவறு. தவறு என்பதோடு நில்லாமல், அடிமைப்பட்டவர்கள் தாமே உண்டாக்கிக் காப்பாற்றிய ஒரே சொத்தை அவர்கள் கையிலிருந்து மறுபடியும் பிடுங்குகிறது.

முதலில் அந்த முகச்சுளிப்பையே எடுத்துக்கொள்வோம். மேளம் கேட்டால் மகிழ்ச்சி, ஆட்டம் கண்டால் கேளிக்கை என்று முடிவு கட்டத் தமிழ் மண்ணில் பிறந்தவருக்கு ஒரு நியாயமும் கிடையாது. நம் ஊரில் சாவு வீட்டில் பறை ஒலிக்கிறது. பாடை கிளம்பும்போது அதற்கு முன்னால் ஆடிக்கொண்டுதான் போகிறார்கள். மாரடித்துப் பாடுகிற ஒப்பாரியில் செத்தவரின் பெருமை மட்டுமா வருகிறது? சொத்தில் ஏமாற்றிய பங்காளி, சீர் செய்யாத அண்ணன், கண்டும் காணாமல் இருந்த ஊர் என்று எல்லோரையும் அந்தப் பாட்டில் நிறுத்திவைத்துக் கேட்டுவிடுவார்கள் நம் கிழவிகள். அழுகையும் வழக்கும் ஒரே ராகத்தில் போகும். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள், கடல் தாண்டி இன்னொரு சனம் மேளம் கொட்டினால் மட்டும் அது கொண்டாட்டம் என்று எப்படிச் சொல்கிறோம்?

இந்தத் தவறான காதுக்கு மறுப்பு 1845-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ், அந்த ஆண்டு வெளியிட்ட தன்வரலாற்றில் இதற்கென்றே சில பத்திகளை ஒதுக்கினார். பண்ணையின் தலைமை வீட்டுக்கு மாதப் படியரிசி போன்ற பங்கை வாங்கிவர அனுப்பப்படும் அடிமைகள் அடர்ந்த காட்டுவழி நெடுக உரக்கப் பாடிக்கொண்டே போவார்கள். சிறுவனாக அந்தப் பாட்டைக் கேட்டபோது அதன் ஆழம் தமக்கே விளங்கவில்லை என்றும், அடிமைத்தனம் மனிதனை என்ன செய்கிறது என்பதன் முதல் மங்கலான அறிவு அந்தப் பாட்டுகளிலிருந்துதான் கிடைத்தது என்றும் எழுதுகிறார். வடக்கே வந்த பிறகு அவரைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. அடிமைகள் பாடுகிறார்களே, அப்படியானால் மனநிறைவோடுதானே இருக்கிறார்கள் என்று அங்கே படித்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது என்று டக்ளஸ் கொதித்தார். துயரம் மிகும்போதுதான் அடிமை அதிகம் பாடுகிறான் என்றார். பாடுகிறவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று அன்று சொன்னவர்கள் அடிமை முறையின் ஆதரவாளர்களுக்கு உதவினார்கள். இன்று அதே அனுமானத்தை வைத்துக்கொண்டு, மகிழ்ச்சியாக இருப்பதால் இது நினைவேந்தல் ஆகாது என்கிறார்கள். கேட்கிற காது மாறவே இல்லை.

சரி, ஆவணத்துக்கு வருவோம். பாட்டைவிட ஆவணம் நம்பகமானது என்பது இவர்களின் வலுவான வாதம். அந்த ஆவணத்தை எழுதியது யார் கை என்று கொஞ்சம் பார்க்கலாம்.

1781 நவம்பர் இறுதியில், லிவர்பூல் முதலாளிகளுக்குச் சொந்தமான ஸோங் என்ற கப்பல் ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கப்பல்காரர்கள் சில நாள்களில் 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். குடிநீர் போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். கரை சேர்ந்ததும் முதலாளிகள் காப்பீட்டுக்காரர்களிடம் தலைக்கு 30 பவுன் கேட்டார்கள். 1783-ல் லண்டனில் வழக்கு நடந்தது. அது கொலை வழக்காக வரவில்லை. சரக்கு நட்டத்தை யார் ஏற்பது என்கிற காப்பீட்டு வழக்காக வந்தது. அதன் சட்ட அறிக்கை ஒன்றிரண்டு பக்கம் தேறும். கடலில் தள்ளப்பட்டவர்களில் ஒருவருடைய பெயர்கூட அதில் இல்லை. தோணியில் ஏற்றிய மூட்டைகளைப் பற்றிப் பேசுவதுபோலவே அது பேசுகிறது. ஆவணத்தையே பிடித்துக்கொண்டு நின்றால், ஸோங் கப்பலைப் பற்றி நாம் நினைவுகூர வேண்டியது ஒரு காப்பீட்டுத் தகராறை மட்டும்தான்.

டொபேகோவில் பிறந்து கனடாவில் வாழும் கவிஞர் மா. நூர்பெசெ பிலிப் சட்டம் படித்து வழக்குரைஞராக இருந்தவர். 2008-ல் அவர் வெளியிட்ட 'ஸோங்!' என்ற நூல் அந்தச் சட்ட அறிக்கையின் சொற்களை மட்டுமே மூலப்பொருளாக எடுத்துக்கொண்டது. சொற்களைப் பிளந்து, அசைகளாக உடைத்து, பக்கம் முழுக்கச் சிதறவிட்டார். வாசிக்கிறவருக்கு மூச்சு திணறும். பக்கத்தின் அடியில், நீரின் அடியில் கிடப்பதுபோல, பெயர்களை வைத்தார். அறிக்கை தர மறுத்த பெயர்கள் அவை. இந்தக் கவிதையைப் பலர் கூடி, பல குரல்களில், மணிக்கணக்காக வாசிக்கும் நிகழ்வுகள் நடக்கின்றன. ஆவணம் எங்கே பொய் சொல்கிறது என்பதை அந்த ஆவணத்தின் உடம்பிலேயே தொட்டுக்காட்ட ஒரு கவிதைக்குத்தான் முடிந்தது. மேற்பூச்சு என்று இதையா சொல்வார்கள்?

ஆவணமே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. 36,000-க்கும் அதிகமான அடிமைக் கப்பல் பயணங்களைத் தொகுத்திருக்கும் தரவுத்தளம் மாபெரும் உழைப்பு. எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் உயிரோடு இறங்கினார்கள் என்பதையெல்லாம் பாட்டிடம் கேட்டுப் பெற முடியாது. ஆனால் இன்னார் இன்ன ஊர்ப் பெண்ணின் பேத்தி என்பதைத் தரவுத்தளத்திடம் கேட்டுப் பெற முடியாது. அதைப் பாட்டு சொல்லியிருக்கிறது. கற்பனைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் ஹாரிஸ் நெக் என்று ஒரு சிற்றூர். லொரென்ஸோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் 1930-களில் அங்கே போய், அமீலியா டாலி என்ற பெண் பாடிய ஒரு சின்னப் பாட்டைப் பதிவு செய்தார். ஐந்து அடி இருக்கும். ஆப்பிரிக்க மொழி என்பது மட்டும் தெரிந்தது. பாடிய பெண்ணுக்கே பொருள் தெரியாது. மூத்த பெண்களிடம் கேட்டுக் கற்றது, தன் மகள் மேரிக்கும் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் விளையாடப் பாடும் பாட்டாக அது அந்த வீட்டில் இருந்தது.

பல பத்தாண்டுகள் கழித்து மானுடவியலாளர் ஜோசப் ஒபாலா, இசை ஆய்வாளர் சிந்தியா ஷ்மிட், சியரா லியோனைச் சேர்ந்த மொழியியலாளர் டாஸீஃப் கொரோமா ஆகியோர் அந்தப் பதிவைக் கையில் எடுத்தார்கள். சொற்கள் மெண்டே மொழி; அவற்றை ஆராயக் கொரோமா உதவினார். ஷ்மிட் சியரா லியோனின் உட்பகுதிகளில் ஊர் ஊராக அந்தப் பதிவைப் போட்டுக் காட்டி விசாரித்தார். செனெஹுன் எங்கோலா என்ற ஊரில் பெண்டு ஜபாட்டி என்ற பெண் அந்தப் பாட்டைக் கேட்டதும் கூடவே பாடினார். அங்கே அது சாவுச் சடங்கில் பெண்கள் பாடும் பாட்டு. பாட்டி சொல்லிக்கொடுத்து, இதை விட்டுவிடாதே, இதைப் பாடிக்கொண்டு நம் சனம் ஒருநாள் திரும்பி வரும், அன்றைக்கு அடையாளம் கண்டுகொள்ளலாம் என்று சொல்லிவைத்திருந்தாராம். 1997-ல் அமீலியாவின் மகள் மேரி மோரன் குடும்பத்தோடு அந்த ஊருக்குப் போனார். இரண்டு கரைகளிலும் பெண்கள் தாய்வழியாகக் காப்பாற்றிய ஐந்து அடி, எந்தக் கப்பல் பதிவேடும் செய்யாத காரியத்தைச் செய்தது.

இதை ஏதோ அதிசயம் என்று ஒதுக்கக்கூடாது. எழுதப் படிக்கக் கற்பதே பல மாநிலங்களில் சட்டப்படி தடுக்கப்பட்ட மக்களால், தாயையும் பிள்ளையையும் தனித்தனியாக விற்ற முறைக்குள் வாழ்ந்தவர்களால், கையில் பிடித்துவைக்க முடியாத ஒன்றில்தான் தங்கள் பதிவேட்டை எழுத முடிந்தது. அதற்கு ஓலையும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். நினைவில் நிற்பதற்கான தாளம் போதும்.

பாட்டின் வலு எவ்வளவு என்று சந்தேகம் இருந்தால், அதற்கு அஞ்சியவர்களைக் கேட்கலாம். 1739 செப்டம்பரில் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் கிளர்ந்த அடிமைகள் கொடி பிடித்து, முரசு கொட்டி அணிவகுத்தார்கள். அடுத்த ஆண்டே அந்தக் குடியேற்றத்தின் சட்டம் அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருப்பதைத் தடை செய்தது. டிரினிடாடில் விடுதலையின் நினைவாக முன்னாள் அடிமைகள் தீப்பந்தமும் மேளமுமாக நடத்திவந்த கன்புலே ஊர்வலத்தை 1881-ல் காவல் துறை அடக்கப் பார்க்க, மோதல் வெடித்தது. 1884-ல் பந்தமும் மேளமும் சட்டத்தால் தடுக்கப்பட்டன. அதே ஆண்டில் சான் பெர்னாண்டோ அருகே, கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியக் கூலிகளின் முகரம் ஊர்வலத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்து பலர் இறந்தார்கள். மேளத்தைப் பிடுங்கியதும் டிரினிடாட் மக்கள் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். பிறகு பிஸ்கட் டின், அதற்குப் பிறகு எண்ணெய்ப் பீப்பாய். இன்று உலகமெங்கும் ஒலிக்கும் ஸ்டீல்பேன் அப்படித்தான் பிறந்தது. வெறும் பொழுதுபோக்குக்காக ஓர் அரசு இத்தனை சட்டம் போடுமா?

இனி ரீயூனியன். இந்த வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. நமக்கும் அதற்கும் உறவும் உண்டு.

1848 ஏப்ரலில் பிரெஞ்சுக் குடியரசு அடிமை முறையை ஒழித்து ஆணையிட்டது. அதைச் செயல்படுத்த சார்டா கரிகா என்ற ஆணையர் அக்டோபரில் தீவில் இறங்கினார். விடுதலை டிசம்பர் 20 என்று வைக்கப்பட்டது, கரும்பு வெட்டு முடிய வேண்டுமே. அதற்கு முன்பே இன்னோர் ஆணை வந்தது. விடுதலை ஆகப் போகிறவர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு முதலாளியோடு வேலை ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் இல்லாதவர் நாடோடி என்று தண்டிக்கப்படலாம். 1865 ஜூன் 19 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டனில் ஜெனரல் கிரேஞ்சர் வெளியிட்ட விடுதலை உத்தரவிலும் இதே தொனி கேட்கிறது. நீங்கள் சுதந்திரமானவர்கள் என்று சொல்லிவிட்டு, இருக்கிற இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள், சோம்பி இருந்தால் உதவி கிடையாது என்று அறிவுரை கூறுகிறது. ஆவணம் பேசுகிற விடுதலை இவ்வளவுதான். இரண்டு இடத்திலும் அந்தத் தேதியை விழாவாக ஆக்கியது ஆணை போட்டவர்கள் அல்லர்.

ரீயூனியன் விடுதலையை அல்போன்ஸ் கரோ என்ற ஓவியர் 1849-ல் பெரிய படமாகத் தீட்டினார். ஆணையைக் கையில் ஏந்தி நடுவில் சார்டா கரிகா. அவரைச் சுற்றி நன்றி பொங்கும் கறுப்பு முகங்கள். கொடுத்தவரின் பார்வையில் வரைந்த படம் அது. பாடநூல்களில் நெடுங்காலம் இதே கதைதான்: நல்லவர் ஒருவர் வந்தார், விடுதலை தந்தார். வாங்கியவர்களின் பார்வை எங்கே பதிவானது என்று தேடினால், தோட்டக் குடியிருப்புகளின் பின்கட்டில், முன்னோர்க்குப் படையல் போடும் இரவுகளில் பாடப்பட்ட மலோயாவுக்குத்தான் வந்து நிற்க வேண்டும்.

மலோயாவின் கருவிகளைக் கிட்டத்தில் பார்த்தவர் அதைக் கேளிக்கை என்று சொல்ல யோசிப்பார். கயாம் என்பது தட்டையான ஒரு செவ்வகப் பெட்டி. அதன் இரண்டு பக்கமும் கரும்பின் பூத்தண்டுகளை வரிசையாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். உள்ளே கல்வாழை போன்ற செடிகளின் கெட்டி விதைகள். இரண்டு கையாலும் பிடித்து, முறத்தில் புடைப்பதுபோல அசைத்தால் விதைகள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் பாய்ந்து சரசரக்கும். ரூலேர் என்பது பீப்பாயின் வாயில் மாட்டுத்தோல் இழுத்துக் கட்டிய பெருமுரசு. அதைத் தரையில் படுக்கவைத்து, மேலே ஏறி உட்கார்ந்து கையால் அடிப்பார்கள். கரும்புத் தோட்டங்களில் உழைக்கத்தான் அடிமைகள் பலரைக் கடத்திக்கொண்டு வந்தார்கள். அந்தக் கரும்பையே ஒடித்து, அவர்கள் தங்கள் கதையைச் சொல்லும் கருவியைக் கட்டிக்கொண்டார்கள். ஒருவர் எடுத்துக்கொடுக்க, சுற்றி நிற்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள். தனியாக யாரும் இதைப் பாடிவிட முடியாது. கேட்க வந்தவரும் இரண்டாம் அடியில் பாட்டுக்குள் வந்துவிடுவார்.

1946-ல் தீவு பிரான்சின் ஒரு மாவட்டமாக ஆக்கப்பட்ட பிறகு, அதிகாரிகள் இந்தப் பாட்டைக் கண்ணில் விழுந்த துரும்பாகப் பார்த்தார்கள். வானொலியில் அதற்கு இடமில்லை. கொட்டுச் சத்தம் கேட்டால் காவலர் வந்து கலைத்த காலத்தை மூத்த பாடகர்கள் சொல்லியிருக்கிறார்கள். டிசம்பர் 20-ஐ என்ன செய்தார்கள் தெரியுமா? அது லிச்சிப் பழம் கனிந்து தொங்கும் காலம். அந்த நாளை லிச்சிப் பழ விழா என்று ஆக்கிவிட்டார்கள். அடிமைகளை நினைக்க வேண்டிய நாளில் பழத்தைக் கொண்டாடச் சொன்னார்கள். பாட்டு வரலாற்றை மறக்கடித்துவிடும் என்பவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். மறக்கடிக்க முனைந்தது கோப்பும் முத்திரையும் வைத்திருந்த நிர்வாகம். தேதியைத் தூக்கிச் சுமந்தவர்கள் கரும்பு வெட்டிய பாடகர்கள்.

தன்னாட்சி கேட்டுப் போராடிய ரீயூனியன் கம்யூனிஸ்டுக் கட்சி 1976-ல் தன் மாநாட்டையொட்டி ஃபிர்மேன் விரி முதலியோரின் மலோயாவை இசைத்தட்டாக வெளியிட்டது. படைப்பணி செய்ய மறுத்ததற்காக அதே காலத்தில் சிறையில் கிடந்த தானியேல் வாரோ அங்கே கிரியோல் மொழியில் கவிதை எழுதினார். வாரோ ஏழை வெள்ளைக் குடியானவர் வழியில் வந்தவர். இன்று மலோயாவின் முதல் வரிசைக் குரல். தன் கையாலேயே கயாம் கட்டுகிறவர். 1981-ல் பாரிசில் ஆட்சி மாறியதும் காற்று திரும்பியது. 1983-ல் டிசம்பர் 20 சட்டப்படி விடுமுறை ஆனது. 2009-ல் மலோயா யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. வரிசையைக் கவனியுங்கள். பாட்டு இருந்தது, பிறகு அரசியல் வந்தது, கடைசியில்தான் அரசாணை வந்தது.

நம் உறவைச் சொல்ல மறக்கக்கூடாது. 1740-களில் புதுச்சேரியில் ஆட்களைக் கடத்தி அடிமைகளாக விற்ற செய்தி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் பதிவாகியிருக்கிறது. பிள்ளை பெரிய மனிதர், துபாஷி. ஊரில் நடந்ததை எழுதிவைத்தார், நல்லது. கடத்தப்பட்டவர் கப்பலில் என்ன நினைத்தார் என்பது அவர் பேனாவுக்கு எட்டாத விஷயம். விடுதலைக்குப் பிறகு முன்னாள் அடிமைகள் தோட்டத்தைவிட்டு வெளியேறியபோது, அந்த இடத்தை நிரப்பப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்து ஒப்பந்தக் கூலிகள் ஏற்றப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து அந்தத் தீவுக்குப் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அடிமைகள் காலிசெய்த அதே குடியிருப்புகளில் தமிழர்கள் குடியேறினார்கள். தீமிதியும் காவடியும் அங்கே இன்றும் நடக்கின்றன. கிரான்மூன் லேலே என்று தீவே கொண்டாடிய மலோயாப் பாடகர் (1930-2004), மடகாஸ்கர் மரபும் தமிழ் மரபும் கலந்த குடும்பத்தில் வந்தவர். சர்க்கரை ஆலைத் தொழிலாளி. அந்த மேளம் காப்பிரிகளின் மேளம், நமக்கென்ன என்று ஒரு தமிழர் சொன்னால், அவர் தன் பாட்டன் படுத்துறங்கிய திண்ணையையே மறுக்கிறார்.

கவிதைக்கும் இதே கதைதான். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் 1900 பிப்ரவரி 12, லிங்கன் பிறந்தநாள் விழா. பள்ளித் தலைமையாசிரியர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் ஒரு பாடல் எழுத, தம்பி ரோசமண்ட் இசையமைத்தார். 500 கறுப்பினப் பிள்ளைகள் கூடிப் பாடினார்கள். லிங்கனுக்கான விழாவில் பாடிய அந்தக் கவிதையில் லிங்கனின் பெயரே கிடையாது. கவிதை முழுக்க நடந்து வந்தவர்களைப் பற்றியது. சகோதரர்கள் நியூயார்க் போய்விட்டார்கள், அதைப் பற்றிப் பெரிதாக நினைக்கவும் இல்லை. பிள்ளைகள் விடவில்லை. பாடினார்கள், வளர்ந்து ஆசிரியர் ஆகித் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இருபதாண்டுக்குள் தென் மாநிலங்கள் எங்கும் பரவிக் கறுப்பின மக்களின் தேசியப் பாடல் என்று பெயர் பெற்றது. எந்தப் பல்கலைக்கழகமும் அதற்கு நிதி ஒதுக்கவில்லை.

எதிர்க்கட்சியிடம் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். வியாபாரம் உள்ளே புகுந்துவிட்டது. 2021-ல் ஜூன் 19 அமெரிக்கக் கூட்டரசின் விடுமுறையானது. மறு ஆண்டே ஒரு பெரிய அங்காடி நிறுவனம் அந்த நாளின் பெயரில் ஐஸ்கிரீம் விற்க வந்து, வசை வாங்கித் திரும்பப் பெற்றது. ரீயூனியனிலும் விளம்பரப் பதாகை, பீர்க் கடை, வெளியூர்க் கலைஞர்களுக்குப் பெரிய சம்பளம் என்றெல்லாம் உண்டு. மனம் நோகத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஐஸ்கிரீமைத் திரும்பப் பெற வைத்தது யார்? அந்த நாளை ஆண்டாண்டாகப் பாடிக் கொண்டாடிய மக்கள்தான். கருத்தரங்குக்குள் மட்டும் பூட்டிவைத்திருந்தால், ஒரு கடைக்காரன் அதை எடுத்து விற்றதுகூட வெளியே தெரிந்திருக்காது.

அந்த மக்கள் கொண்டாட்டத்துக்காக என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஹூஸ்டன் நகரில் விடுதலையானவர்களுக்குக் கூடிப் பாட இடம் கிடைக்கவில்லை. 1872-ல், விடுதலை பெற்று ஏழே ஆண்டில், பாதிரியார் ஜாக் யேட்ஸ் முதலானவர்கள் முன்நிற்க, அவர்கள் காசு திரட்டிப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். விடுதலைப் பூங்கா என்று பெயரிட்டார்கள். இன்றும் இருக்கிறது. தங்களுக்கென்று சொந்த நிலம் அரிதாக இருந்த மக்கள், முதலில் வாங்கியவற்றில் ஒன்று பாடுவதற்கான இடம். இதை அற்பம் என்று சொல்ல மனம் வருமானால் அப்புறம் பேச என்ன இருக்கிறது?

கடைசி வாதம் இழப்பீடு. பாடிக்கொண்டிருந்தால் பணம் வருமா, பாட்டு கோரிக்கையின் கூர்மையை மழுக்காதா என்கிறார்கள். கோரிக்கை வைத்தவர்கள் யார் என்று பார்த்தால் இந்தக் கேள்வி எழாது. கரீபிய நாடுகளின் கூட்டமைப்பு 2013-ல் இழப்பீட்டு ஆணையம் அமைத்தது. அடுத்த ஆண்டு பத்து அம்சத் திட்டத்தை ஏற்றது. ஆகஸ்ட் 1 அன்று தெருவில் இறங்கி மேளம் கொட்டுகிற நாடுகள்தான் அவை. டிரினிடாட் 1985-லேயே அந்த நாளைத் தேசிய விடுமுறை ஆக்கியது. பாட்டு மனத்தில் வைத்திருந்த கணக்கைத்தான் அவர்கள் மேசைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அதோடு, எத்தனை தலைமுறைக்குத்தான் இதைப் பாடுவீர்கள், நடந்து முடிந்த கதைதானே என்று கேட்பவர்களும் உண்டு. முடிந்துவிட்டதா? 1849-ல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களின் அடிமை உடைமையாளர்களுக்கு 12 கோடியே 60 லட்சம் பிராங்க் இழப்பீடு ஒதுக்கியது. அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. பிரிட்டன் அதற்கு முன்பே, தன் அடிமை உடைமையாளர்களுக்கு இரண்டு கோடி பவுன் தந்தது. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய 40 விழுக்காடு. அதற்காகக் கடன் வாங்கியது. அந்தக் கடன் வேறு பத்திரங்களாக மாறி, கைமாறி, 2015-ல்தான் முழுதாக அடைந்தது. அதுவரை பிரிட்டனில் வேலை பார்த்து வரி கட்டிய ஜமைக்காக்காரரும் பார்படாஸ்காரரும் தங்கள் பாட்டனை உடைமையாக வைத்திருந்தவனுக்கான இழப்பீட்டுக் கடனில் ஒரு பங்கைக் கட்டியிருக்கிறார்கள். 180 ஆண்டு அந்தக் கணக்கு ஒருநாளும் விடுபடாமல் கருவூலத்தின் பேரேட்டில் ஓடியது. இத்தனை காலம் எதற்கு, பழங்கதையை மறந்துவிடுங்கள் என்று அந்தப் பத்திரக்காரர்களிடம் எவரும் போய்ச் சொன்னதில்லை. ஆண்டில் ஒரு நாள் கயாமைக் கையில் எடுக்கிறவர்களிடம்தான் சொல்கிறார்கள்.